பழைய கார் இழுக்கவில்லை: யாரிடம் காட்டுவது, எதற்கு முதலில் காசு கொடுப்பது?

மலேசியாவில், பேராக்கின் பீடோர் பக்கம் பழைய கார் வாங்கியவர்கள், வாங்கிய சந்தோஷம் அடங்கியதும் கேட்கிற கேள்வி இது: "கார் இழுக்க மாட்டேங்குது. நானே ஸ்கேனர் வாங்கிப் பார்க்கட்டுமா, டவுனில் நம்ம ஆளிடமே விடட்டுமா, ஈப்போவுக்குக் கொண்டு போகட்டுமா, இல்லை பேசாமல் எஞ்சினையே மாற்றிவிடட்டுமா?"

அண்மையில் கேட்டவர்கள் மூவர். 2007 மைவி 1.3 வைத்திருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அவரிடம் இருப்பது விரா 1.5. அப்புறம், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. அவருடையது, பெட்ரோலையும் காற்றையும் கணினி இல்லாமல் கலக்கும் கார்புரேட்டர் வைத்த கஞ்சில். மூவருக்கும் குறை ஒன்றுதான், ஆனால் மூவரும் போக வேண்டிய இடம் வேறு வேறு. அதனால் இருக்கிற வழிகளை வரிசையாக எடை போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கூலி எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கையைக் கடிப்பது பெரும்பாலும் கூலி இல்லை, தேவையில்லாமல் மாற்றிய சாமான்கள்தான். நான் பார்ப்பது இவை:

- காரணத்தை அளந்து காட்டுகிறார்களா, ஊகித்துச் சொல்கிறார்களா? "பம்ப் போல இருக்கு" என்பது ஊகம். அழுத்தமானியில் முள்ளைக் காட்டி "இவ்வளவு வர வேண்டும், இவ்வளவுதான் வருகிறது" என்பது அளவு.
- ஒரு சாமானும் வாங்காமல், காரணம் தெரிவதற்கு மட்டும் ஆகும் செலவு.
- கார் எத்தனை நாள் கையில் இருக்காது? டவுனில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். மெயின் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டிய தோட்டத்தில் இருப்பவருக்கு, கார் இல்லாத ஒரு நாள் என்றால் ஒன்று சம்பளம் போகும், இல்லையென்றால் யார் வீட்டு மோட்டார் சைக்கிளையாவது கெஞ்சி வாங்க வேண்டும்.
- குறை திரும்ப வந்தால் யாரிடம் போய் நிற்பது?
- காரின் இன்றைய விலை. நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கக்கூடிய காரில் மூவாயிரம் வெள்ளியைக் கொட்டுவதற்கு முன் ஒரு நாள் யோசிக்கலாம்.

## வண்டியை விடுவதற்கு முன்: எந்த மாதிரி இழுக்கவில்லை?

பட்டறையில் போய் "பவர் இல்லை அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் பிளக்கிலிருந்து தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எப்போது, எந்த வேகத்தில், குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, எந்த மாதத்திலிருந்து என்று சொல்லத் தெரிந்தால் அவர் வேலையில் பாதி குறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டி குறைந்த ஒரு நேரான சாலை போதும்.

எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. மேனுவல் கார் என்றால் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் விருட்டென்று ஏறி, வேகமுள் அசையாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினை யாரும் தொட வேண்டியதில்லை. ஆட்டோ கியர் என்றால் கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கறுத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் சங்கதி கியர்பெட்டியில்.

ஆர்பிஎம்மே ஏற மறுக்கிறது. டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறி 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தியது போல் திணறும். எண்ணெய் (பெட்ரோல்) போதாமல் இருக்கலாம், அதாவது ஃபில்டர் அடைப்பு அல்லது பலவீனமான பம்ப். புகை வெளியே போக முடியாமலும் இருக்கலாம், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் அடைப்பு அல்லது சைலன்சருக்குள் தகடு பிய்ந்து விழுந்தது. எண்ணெய் போதாத கார் பெரும்பாலும் விட்டுவிட்டு இழுக்கும். எக்சோஸ் (புகைக்குழாய்) அடைத்த கார் குலுங்காமலே மூச்சுத் திணறும்.

குலுங்குகிறது. மேட்டில் மிதித்தால் உதறல், ஏர்கோன் போட்டால் இன்னும் மோசம். இது பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறு: பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பிளக் கேபிள். மீட்டர் போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிதிக்காதீர்கள். எரியாத எண்ணெய் கேட்டலிஸ்டுக்குள் போய் எரிந்து, அதையும் உருக்கிவிடும். காயிலோடு முடிய வேண்டிய செலவு அங்கே பல மடங்காகும்.

சூடான பிறகு மட்டும். காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் தளரும். காயில், எஞ்சின் சுற்றைக் கவனிக்கும் கிராங்க் சென்சர், எண்ணெய் பம்ப் மூன்றுமே சூட்டில் கைவிடும் சாதி. இந்தக் குறையைப் பட்டறையில் காட்டுவதுதான் கஷ்டம். அங்கே போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும்.

வாங்கிய நாள் முதல் மந்தம். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எஞ்சின் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி, சமதரையில் தானாக உருண்டு நிற்கும்படி விடுங்கள். இறங்கி நான்கு ரிம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், கிட்டே போனாலே தெரியும். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக்கை இறுக்கும் காலிப்பர் அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கிறது. முன்னாள் முதலாளி அழகுக்காகப் போட்ட பெரிய ரிம்மும் இதே மந்தத்தைத் தரும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் ஆட்கள் காரைச் சோதிக்கத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் உயரம் கூடக்கூட, 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு என்ற கணக்கில் பலம் இழக்கும். மேலே போய்ச் சேரும்போது நல்ல எஞ்சினிலேயே ஏழில் ஒரு பங்கு பலம் குறைந்திருக்கும். ஐந்து பேரையும் ஏர்கோனையும் சுமந்துகொண்டு ரிங்லெட் ஏற்றத்தில் கஞ்சில் முனகினால் அது கோளாறு ஆகாது.

## வழி ஒன்று: நாமே பார்ப்பது

தேவைப்படுவது பிளக் ஸ்பேனர், டார்ச் லைட், காரின் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர். ஸ்கேனர் இணையக் கடைகளில் ஏறக்குறைய இருபதிலிருந்து அறுபது வெள்ளிக்குள் கிடைக்கிறது.

முதலில் ஏர் ஃபில்டர். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் தினமும் செம்மண் தூசியில் ஓடும் காருக்கு, சர்வீஸ் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் பொருந்தாது. எடுத்துத் தட்டிப் பாருங்கள். அப்படியே எலி கடித்த வயர் இருக்கிறதா என்று போனட்டுக்குள் டார்ச் அடியுங்கள். தோட்ட வீடுகளில் இது வேடிக்கைப் பேச்சு இல்லை. சென்சர் கெட்டுவிட்டது என்று இரண்டு சென்சர் மாற்றிய பிறகு வயரைப் பார்த்தவர்கள் உண்டு.

அடுத்து பிளக். நான்கையும் (கஞ்சிலில் மூன்று) கழற்றி, எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்பது மாறாமல் ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக வையுங்கள். நுனிப் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எண்ணெய் கூடுதலாகப் போகிறது, அல்லது தீப்பொறி பலவீனம். கருப்பெண்ணெய் (எஞ்சின் ஆயில்) பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக உள்ளே இறங்குகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு, எண்ணெய் போதவில்லை. நான்கும் ஒரே நிறமா, ஒன்று மட்டும் வேறா என்பதுதான் முக்கியம். நான்கும் கெட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம்: ஃபில்டர், பம்ப், சென்சர். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டருக்குள் தேடினால் போதும். சில விராக்களில் இன்னொன்று. பிளக் குழிக்குள்ளேயே கருப்பெண்ணெய் தேங்கி நிற்கலாம். மேல்மூடி சீல் கசிவது அந்த எஞ்சின்களின் பழைய குணம். சீல் மலிவு, ஆனால் அதைக் கவனிக்காமல் கேபிள் மாற்றினால் புதுக் கேபிளும் ஊறிப்போகும்.

முதல் மைவியின் 1.3 எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். ஸ்கேனர் P0301 என்ற கோடு (குறையைச் சொல்லும் குறியீடு) காட்டினால், அதாவது முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால், அந்தக் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதை முதலுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு P0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் P0301 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாருங்கள். செலவு ஒரு காசும் இல்லை.

மறைந்த செலவு. மலிவு ஸ்கேனர் எல்லாப் பழைய காரோடும் பேசாது. பல விராக்களுக்குப் பொதுவான ஸ்கேனர் பொருந்தவே பொருந்தாது. கார்புரேட்டர் காரில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. பேசினாலும் கோடு சாமானைச் சொல்வதில்லை, குறை தெரியும் இடத்தைத்தான் சொல்கிறது. P0171 என்றால் காற்றுக்கு ஏற்ற எண்ணெய் இல்லை என்று பொருள். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சர் வாங்க ஓடுவார்கள். வெடித்த வேக்குவம் ஹோஸாகவும் இருக்கலாம், தளர்ந்த பம்பாகவும் இருக்கலாம். சென்சர் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கும். ஸ்கேனரில் கோடு மட்டும் பார்க்காமல் எண்ணெய்த் திருத்த அளவையும் (fuel trim, அதாவது கணினி எவ்வளவு எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிறது என்பதையும்) பாருங்கள். சும்மா நிற்கும்போது கூடுதலாக இருந்து ஆர்பிஎம் ஏற்றினால் குறைந்தால், பொதுவாக எங்கோ காற்று கசிகிறது. நிற்கும்போது சரியாக இருந்து பாரத்தில் எகிறினால் எண்ணெய் வந்து சேரவில்லை.

இன்னொரு வீண் செலவு 97 பெட்ரோல் போடுவது. 95க்கு என்று செய்த எஞ்சினில் அடைத்த ஃபில்டரை 97 திறந்துவிடாது. கடையில் கண்ணுக்கு எதிரே அடுக்கியிருக்கும் குப்பி மருந்துகளும் அப்படித்தான்.

இது சரியான வழி: கார் ஓடுகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது, அல்லது குலுங்கல்தான் குறை என்றால்.

## வழி இரண்டு: டவுன் பட்டறை

எனக்கு இவர்கள் மேல் தனி மரியாதை உண்டு. சாகாவும் விராவும் கஞ்சிலும் நூற்றுக்கணக்கில் பார்த்த கை. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் உள்ள காருக்கு இவர்களைவிட நல்ல டாக்டர் ஈப்போவில் கிடைப்பது அபூர்வம். டைமிங் லைட் ஒன்றைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு திருப்பி, காதை வைத்துக் கேட்டே சரி செய்வார்கள். கூலி நியாயம். காலையில் விட்டால் மாலையில் கிடைக்கும். திரும்பிப் பிரச்சினை என்றால் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) பார்த்துக்கூடக் கேட்கலாம், தப்பிக்க முடியாது.

பலவீனம் ஒன்றுதான்: மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பது. "பிளக் மாத்திப் பார்ப்போம் போஸ். சரியா வரலன்னா கேபிள். அதுக்கும் வரலன்னா பம்ப்." ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. மூன்றாவது தடவை போகும்போது கூட்டிப் பார்த்தால் ஈப்போவில் ஒழுங்காகச் சோதித்த காசு எப்போதோ தாண்டியிருக்கும். அதிலும் எண்ணெயைக் கணினி அளந்து பீச்சும் இன்ஜெக்‌ஷன் கார், குறை அவ்வப்போது வந்து போகும் என்றால், இந்த முறை அவருக்கும் நமக்கும் சங்கடம்.

அவரிடமே வேலையை வேறு மாதிரி கேட்கலாம். "அண்ணே, சாமான் எதுவும் இப்ப வேணாம். கம்ப்ரஷன் மட்டும் பார்த்து நாலு நம்பரையும் எழுதிக் கொடுங்க, கூலி தர்றேன்" என்று சொல்லுங்கள். கம்ப்ரஷன் என்பது ஒவ்வொரு சிலிண்டரும் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு. பெரும்பாலான பட்டறைகளில் அந்த மீட்டர் இருக்கும், யாரும் கேட்பதில்லை என்பதால் டிராயரில் தூங்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, எண்ணெயையும் தீப்பொறியையும் துண்டித்து, மிதியை முழுதாக அழுத்திக்கொண்டு, நல்ல பேட்டரியில் ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே அளவு சுற்ற விட வேண்டும். மிதியை அழுத்தாமல் எடுத்த எண் எல்லாமே குறைவாக வரும். அதை வைத்து "எஞ்சின் முடிஞ்சுது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நான்கு எண்களுக்கும் இடையே பத்து, பதினைந்து விழுக்காட்டுக்குள் வித்தியாசம் என்றால் எஞ்சினின் உடம்பு பரவாயில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி கருப்பெண்ணெய் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்குக் கீழே உள்ள சீல்) போயிருக்கலாம். நான்கும் ஒரே மாதிரி தாழ்வு என்றால் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. இந்த ஒரு காகிதத் துண்டு கையில் இருந்தால், பிறகு யாரும் உங்களிடம் எஞ்சின் விற்க முடியாது.

மறைந்த செலவு. தெரிந்தவர் என்பதால் பில் கேட்கக் கூச்சம், பழைய சாமானைத் திருப்பிக் கேட்கக் கூச்சம். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று, கேட்டலிஸ்ட் அடைத்தால் "கழற்றிட்டு பைப் போட்டுடலாம்" என்பார்கள். கார் இழுக்கத்தான் செய்யும். ஆனால் எக்சோஸில் அப்படிக் கை வைப்பது விதிமுறைக்கு ஒத்துவராது. காரை விற்கும்போது புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்திலும் தலைவலி வரலாம்.

இது சரியான வழி: பழைய எளிய கார், தொடர்ந்து இருக்கும் குறை, கிளட்ச், பிரேக், பெல்ட், கம்ப்ரஷன்.

## வழி மூன்று: அளந்து பார்க்கும் தனியார் பட்டறை

இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோதனைக்கென்றே நல்ல ஸ்கேனர், எண்ணெய் அழுத்தமானி, எக்சோஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டர், சிலரிடம் மின்னலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் என்று வைத்திருப்பவர்கள் பெரிய ஊரில்தான் கிடைக்கிறார்கள். சோதனைக் கூலியாக நூறோ அதற்குச் சற்று மேலோ கேட்டால் ஊரில் உள்ளவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். "சாமான் ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு நூறு?" சாமானை மாற்றாமல் காரணத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் அந்த நூறு. நான் மனசாரக் கொடுக்கும் காசு இது.

உதாரணமாக, 3,000 ஆர்பிஎம்மில் திணறும் கார். ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரை மாட்டுவார்கள். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தாலும் நல்ல எக்சோஸில் அழுத்தம் ஓரிரண்டு பிஎஸ்ஐக்குள்தான் நிற்கும். அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு உறுதி. அடுத்து எண்ணெய் அழுத்தம். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 பாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போது எடுப்பது போதாது, பாரத்தோடு ஓட்டும்போதும் அது விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பம்பா கேட்டலிஸ்டா என்று தெரிந்துவிடும். ஊகித்து வாங்கினால் இரண்டையும் வாங்கியிருப்போம், இரண்டுமே மலிவான சாமான் இல்லை.

மறைந்த செலவு. ஒரு நாள் லீவு, டோல், எண்ணெய். வழியில் நின்றுவிட்டால் இழுவை லாரி, அதுதான் பெரிய அடி. உங்கள் இன்சூரன்ஸில் இழுவை உதவி இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். குறை எப்போதாவது வருவதாக இருந்தால், அவர்கள் முன்னால் அது வராமலே போகவும் கூடும். முன்கூட்டிப் பேசி, காரை ஒரு ராத்திரி விட்டுவர முடியுமா என்று கேளுங்கள்.

இது சரியான வழி: இன்ஜெக்‌ஷன் கார், ஊரில் இரண்டு முறை பார்த்தும் தீராத குறை, அல்லது அடுத்து மாற்றச் சொல்லும் சாமான் இருநூறு வெள்ளிக்கு மேல்.

## வழி நான்கு: கம்பெனி சர்வீஸ் சென்டர்

சீக்கிரம் சொல்லிவிடலாம். சரியான ஸ்கேனர், சரியான வயரிங் படம், அசல் சாமான் எல்லாம் இருக்கும். மைவி, விவா போன்ற இன்னும் சாலையில் நிறைய ஓடும் கார்களுக்கு இது நல்ல வழிதான், குறிப்பாகக் கணினிப் பெட்டி, சாவி சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்கு. ஆனால் பிய்த்துப் பார்த்துச் சரி செய்வதைவிட முழுப் பாகமாக மாற்றும் பழக்கம். விலைப்பட்டியலைப் பார்த்தால் பழைய காரின் மதிப்பு நினைவுக்கு வரும். கார்புரேட்டர் காரைக் கொண்டுபோனால் அங்கிருக்கும் இளைஞர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

## வழி ஐந்து: சோதனையே வேண்டாம், எஞ்சினை மாற்றிவிடு

ஜப்பானிலிருந்து முன்பாதியோடு வெட்டி வரும் ஹாஃப்-கட் எஞ்சின் எங்கள் நாட்டில் சர்வசாதாரணம். அதனால்தான் இந்த யோசனையும் சீக்கிரம் வருகிறது. கம்ப்ரஷன் உண்மையிலேயே போய்விட்ட, உடல் துருப்பிடிக்காத காருக்கு இது எஞ்சினைப் பிரித்துச் சரி செய்யும் ஓவர்ஹாலைவிட மலிவாக முடியலாம்.

ஆனால் அடைத்த எக்சோஸ், தளர்ந்த பம்ப், வழுக்கும் கிளட்ச் எதுவும் எஞ்சினோடு வருவதில்லை. புது எஞ்சினைப் போட்டு, பழைய குறையோடு ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். எஞ்சின் எண் மாறுவதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் மாற்ற வேண்டும், அதற்கு வாகனப் பரிசோதனையும் எஞ்சின் வந்த வழிக்கான பத்திரமும் வேண்டும். பத்திரம் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இறக்கி ஏற்றும் கூலி, மவுண்டிங், ஹோஸ், கூலண்ட், கருப்பெண்ணெய் எல்லாம் எஞ்சின் விலைக்கு மேல் வரும். கம்ப்ரஷன் எண்களை எழுத்தில் பார்க்காமல் இந்த முடிவுக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் தெரிய ஆகும் செலவு | கார் இல்லாத நேரம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| நாமே | மிகக் குறைவு | இல்லை | ஸ்கேனர் கோடைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கும் சென்சர் | குலுங்கல், எஞ்சின் விளக்கு |
| டவுன் பட்டறை | குறைவு | அரை நாள், ஒரு நாள் | மாற்றிப் பார்க்கும் சாமான்கள் | கார்புரேட்டர் கார், கிளட்ச், பிரேக், கம்ப்ரஷன் |
| அளக்கும் பட்டறை | நடுத்தரம் | ஒரு நாள், சில சமயம் ஒரு ராத்திரி | லீவு, டோல், இழுவை | இன்ஜெக்‌ஷன் கார், தீராத குறை |
| கம்பெனி சென்டர் | நடுத்தரம் முதல் அதிகம் | முன்பதிவைப் பொறுத்து | முழுப் பாக மாற்றம் | கணினிப் பெட்டி, சாவிக் கோளாறு |
| எஞ்சின் மாற்றம் | பொருந்தாது | பல நாள் | பதிவு மாற்றம், பழைய குறை அப்படியே | கம்ப்ரஷன் போனது உறுதியானால் மட்டும் |

## மூவருக்கும் சொன்னது

ஆசிரியையின் மைவி டவுனுக்குள் சாது, நெடுஞ்சாலையில் மட்டும் திணறல், குலுங்கல் இல்லை, விளக்கும் எரியவில்லை. பிளக்கும் ஏர் ஃபில்டரும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. ஊரில் அடுத்து பம்ப் மாற்றச் சொன்னார்களாம். அதை வாங்குவதற்கு முன் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஈப்போவுக்குப் போய், எண்ணெய் அழுத்தமும் எக்சோஸ் அழுத்தமும் பார்த்து வரச் சொன்னேன். போகும்போது 90க்கு மேல் மிதிக்க வேண்டாம்.

விரா வைத்திருக்கும் தம்பியிடம் "எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "டைமிங் பெல்ட் மாற்றினதுக்கு அப்புறம்தாண்ணே" என்றார். அப்படியானால் ஸ்கேனரும் வேண்டாம், ஈப்போவும் வேண்டாம். பெல்ட் மாற்றிய அதே பட்டறைக்குப் போய், சண்டை போடாமல், கவரைக் கழற்றிக் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கார் ஓடும், ஆனால் இப்படித்தான் ஓடும். அவர்கள் செய்த வேலை என்பதால் கூலி கேட்கவும் மாட்டார்கள். ஷிஃப்டுக்குப் போகும் வழியில் விட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

மாமாவின் கஞ்சில் வாங்கிய நாளிலிருந்தே மந்தம். அவர் மனசில் ஹாஃப்-கட் எஞ்சின் ஏற்கெனவே குடியேறிவிட்டது, விலைகூடக் கேட்டு வைத்திருக்கிறார். முதலில் ரிம் சூட்டைப் பார்க்கச் சொன்னேன். "இடது பக்கம் பின்னாலே மட்டும் கொதிக்குதுப்பா" என்று அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது. ஹேண்ட்பிரேக் கேபிளையும் பின் டிரம்மையும் டவுனில் பார்த்துவிட்டு, அதே கையோடு கம்ப்ரஷன் எண்களையும் எழுதி வாங்கி வரப் போயிருக்கிறார். எஞ்சின் கடைக்காரரிடம் அடுத்த மாதம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.